பாட்டுக்கு வேர்க்குமோ

புதுக்கடை ஜங்ஷனிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் நின்று "கேபிபிஎஸ் வீடு எது?" என்று கேட்டால் பால்காரர்கூடக் கை காட்டிவிடுவார். எங்கள் பக்கத்தில் வட்டப்பேர் இல்லாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு, ஊர் வைத்த பேர்தான் ஆளுக்கு. இவருக்கு அந்தப் பேர் விழுந்ததற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் நூற்றியிருபத்தெட்டு கேபிபிஎஸ், முந்நூற்றியிருபது கேபிபிஎஸ். ஒரு பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நொடிக்கு எவ்வளவு சங்கதியை மிச்சம் வைக்கிறோம் என்கிற கணக்கு அது. கூட வைத்தால் பாட்டு தெளிவாக இருக்கும், இடத்தை அடைக்கும். குறைத்தால் இடம் மிச்சம், பாட்டு மங்கும். அவ்வளவுதான் விஷயம். இதை அவர் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆகும். தபால்காரர் ஒருமுறை என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "டீச்சரே, இந்த கேபிபிஎஸ்ஸுங்கது எம்பிபிஎஸ்ஸுக்கு மேலயா, கீழயா?" மேலதான் என்றேன். எந்த டாக்டரும் ஒரு ஆளை அவ்வளவு நேரம் பிடித்து வைத்துப் பேசமாட்டார்.

வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்புகிறவர்கள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. கம்பளி, பால்பவுடர், தலைவலித் தைலம், மாமியாருக்கு டார்ச் லைட், பெண்டாட்டிக்குக் கழுத்தில் ஏதாவது. 2004இல் இவர் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது வேனிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைத் தெருவே எட்டிப் பார்த்தது. எல்லாவற்றிலும் பாட்டு. சிடி பாதி, கேசட் பாதி. தமிழ், மலையாளம், இந்தி, கச்சேரி, நாகசுரம், எந்தப் பாஷை என்று அவருக்கே தெரியாத சில. கடைசிப் பெட்டியும் இறங்கியபிறகு அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "அவ்வளவுதான் அக்கா" என்றார் டிரைவர்.

என் வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் எதிர். நான் அப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வந்து புடவை மாற்றுவதற்குள் எதிர்வீட்டுச் சத்தமெல்லாம் என் வீட்டுக்குள் வந்துவிடும். அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரியும். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் எங்கள் தெருவின் அகலத்தைப் பார்க்காதவர்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே பின்னறையில் ஏசி வைத்தார். தெருவுக்கே முதல் ஏசி. சந்தோஷப்பட்டோம், அக்காவுக்கு விடிவு காலம் என்று. ஏசி பாட்டுகளுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார், கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார், பூட்டும் போட்டார். பாட்டுக்கு ஈரம் ஆகாது, சூடு ஆகாது, தூசி ஆகாது. மனிதர்களின் மூச்சும் ஆகாது. அக்கா முன்னறையில் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள்.

ஒரு மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போவதற்காக அக்காவின் சித்தி குலசேகரத்திலிருந்து வந்தாள். மலையோரக் குளிர்ச்சியில் பழகிய உடம்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேர்த்து ஒழுகிப்போய், பின்னறைக் கதவுக்குக் கீழே குளிர்ச்சி கசிகிறதைக் கண்டுபிடித்து, அந்த இடுக்கில் முகத்தை வைத்துத் தரையில் படுத்துக்கொண்டாள். இவர் வந்து பார்த்தார்.

"பாட்டுக்கு வேர்க்குமோ, மருமவனே?" என்று படுத்தபடியே கேட்டாள் சித்தி.

"வேர்க்காது சித்தி. பூசணம் பூத்துப் போவும்."

"மனுசன் பூக்கமாட்டானோ?"

இவர் குனிந்து, இடுக்கில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளிரு வெளிய போவுதுல்லா, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார். சித்தி சாயங்காலமே புறப்பட்டுப் போய்விட்டாள். அம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குப் போனாள். பிறகு இந்த வீட்டுப்படி மிதிக்கவில்லை.

சரி, இவ்வளவு பாட்டையும் வைத்துக்கொண்டு மனிதர் கேட்டாரா? அதுதான் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும், ஏற்றிவிட்டால் சாகும்வரை உட்கார்ந்து கேட்கலாம் என்பது திட்டம். எந்த வடிவத்தில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி. முதலில் எம்பி3, நூற்றியிருபத்தெட்டில் ஆரம்பித்தார். கொஞ்சம் ஏற்றியதும் ஏதோ ஒரு பத்திரிகையில், நூற்றியிருபத்தெட்டில் ஏற்றுவது பாட்டுக்குச் செய்கிற துரோகம் என்று படித்துவிட்டார். அத்தனையையும் அழித்தார். முந்நூற்றியிருபதில் ஆரம்பித்தார். பிறகு ஏஏசி என்று ஒன்று, அதே இடத்தில் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள். அழித்தார். பிறகு ஓஜிஜி. அது எந்த பிளேயரிலும் பாடாது. அழித்தார். வேவ் என்று ஒன்று, ஒன்றையும் குறைக்காமல் அப்படியே எடுப்பது. நாலைந்து பெட்டிச் சிடிக்குள் ஹார்டு டிஸ்க் நிறைந்து மூச்சு முட்டியது. அதையும் அழித்தார்.

ஒவ்வொரு தடவையும் முதல் பெட்டியின் முதல் சிடியிலிருந்துதான் தொடங்குவார். வரிசை தப்பக் கூடாதாம். அந்த முதல் சிடியின் முதல் பாட்டு ஒரு வயலினில் ஆரம்பிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி என்று முன்னறைக் கம்ப்யூட்டரில் அதையே போட்டுப் போட்டுக் கேட்பார். ஒன்றரை நிமிடம் ஓடும், நிறுத்துவார், வேறு வடிவத்தில் அதே ஒன்றரை நிமிடம். வருஷக்கணக்கில் எங்கள் தெரு கேட்டது இதைத்தான். அந்தப் பாட்டில் பாடுகிறது ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரல் வருவதற்குள் நிறுத்திவிடுவாரே.

கடைசியில் ஃபிளாக் என்ற ஒன்றில் போய் நின்றார். அன்றைக்கு என் வீட்டுக்கே வந்து விளக்கம் சொன்னார். முகத்தில் கல்யாணக்களை.

"டீச்சரே, ஒரு வேட்டி இருக்கு. பெட்டிக்குள்ள வைக்கணும். கத்தரிச்சு வச்சா அது எம்பி3. எடம் கொறையும், ஆனா பொறவு உடுக்க முடியாது. மடிச்சு வச்சா ஃபிளாக். விரிச்சா முழு வேட்டி. ஒரு நூலு போவாது."

எனக்கு உண்மையிலேயே புரிந்தது. அவ்வளவு அழகாகச் சொன்னார், அதை மறுக்க மாட்டேன். பின்னாலேயே நின்ற அக்கா, "மடிச்சாலும் கத்தரிச்சாலும் வெளுக்கது நான்தான்" என்றாள். அவர் காதில் அது விழவில்லை.

காது. அதைப் பற்றித்தான் மனிதருக்கு அத்தனை பெருமை. "காது எல்லாருக்கும் கடவுள் தந்தாரு, கேக்க ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் தந்தாரு" என்பார். அந்த ஒன்று இவர். இரண்டாவது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் யார் வந்தாலும் பிடித்து உட்கார வைத்து ஹெட்போனை மாட்டி, ஒரே பாட்டை இரண்டு வடிவத்தில் போட்டு, எது நல்லது என்று கேட்பார். கேஸ் சிலிண்டர்க்காரர், இன்சூரன்சுக்காரர், மருத்துவக் கணக்கெடுக்க வந்த நர்சம்மா, யாரும் தப்பவில்லை. எல்லோரும் தப்பாகச் சொன்னார்கள். நானும் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். "அது நூத்தியிருபத்தெட்டு. நீங்க கணக்கு டீச்சர்தானே, சாரமில்ல" என்று மன்னித்தார்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களையும் விடவில்லை. வேட்பாளர் கும்பிட்டபடியே ஹெட்போனுக்குள் அகப்பட்டுக்கொண்டார். இரண்டையும் கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில், "ரெண்டும் நமக்கு வேண்டப்பட்டதுதான் அண்ணாச்சி" என்றார். அவர்கள் படி இறங்கியதும் இவர் சொன்னார்: "காதே சரியில்லாதவன், நம்ம கொறைய எப்பிடிக் கேப்பான்?" அந்த ஆள் ஜெயித்துவிட்டார். குறை கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மவுசைக் கையில் கொடுத்தார். இவர் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார், அவர் மாற்றி மாற்றிப் போட வேண்டும், இவர் சரியாகச் சொல்லுவார். என் வீட்டுக்காரருக்கு மவுஸ் இன்றைக்கும் கைக்கு அடங்காது. என்னத்தையோ அமுக்கினார், இரண்டு தடவையும் ஒரே கோப்புதான் ஓடியது.

"கேட்டியா மக்கா," என்றாராம் இவர், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டாவதுல அந்த வயலினு மூச்சு விடுதது கேட்டியா? மொதல்ல உள்ளதுல நெஞ்சடைச்சுக் கெடக்கு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி ஊற்றிவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்னு அங்கயே சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"எப்பிடிச் சொல்ல? மனுசனுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது."

அப்படியும் ஒரு ஆள். இவரைத் திட்டுவதற்கு உட்கார்ந்தால் நடுவில் இந்த மாதிரி ஏதாவது ஒன்று வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அக்காவின் கேசட் விஷயத்தில் அந்தப் பிடியை நான் உதறிவிடுவேன்.

அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கடுதாசிக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். லீவுக்கு ஊர் வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவார்கள். டெலிபோனில் பேச வசதியில்லாத காலம். அக்காவுக்கும் எழுத்து அவ்வளவு ஓடாது. கேசட் வந்தால் வீடு முழுவதும், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னைச் சுற்றி உட்கார்ந்துவிடும். முதல் பக்கம் அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் பொது. இரண்டாம் பக்கம் அக்காவுக்கு மட்டும். அதன் தொடக்கத்திலேயே, "இனி அம்மை எழும்பிப் போணும்" என்று இவர் சொல்வாராம். மாமியார் எழும்பவே மாட்டாளாம். "அவன் வெளையாட்டுக்குச் சொல்லுதான்" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாளாம். அதனால் மாமியார் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டதாக அக்கா சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிடும். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் போனவர். அவளுக்குக் குடும்ப வாழ்க்கை என்று இருந்ததில் முக்கால்வாசி அந்த இரண்டாம் பக்கங்கள்தான்.

இவரோ பேசி அனுப்பியதோடு சரி. தான் பேசியதைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கேசட்டுகளையெல்லாம் அக்கா பால்பவுடர் டின்களில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில், புளியும் வற்றலும் வைக்கிற இடத்தில் வைத்திருந்தாள். டூ இன் ஒன் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் மிச்சமிருந்த ஒரே கேசட் பிளேயர் இவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய டெக். அது ஏசி அறைக்குள் இருந்தது. அக்கா ஒரு டின்னை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"இதயும் கம்பியூட்டர்ல ஏத்தித் தருவியளா? நாடா இத்துப் போவும் போல இருக்கு."

அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "பொகை பிடிச்சிருக்கு. இதப் போட்டா டெக்குக்க ஹெட்டு போயிரும்."

"ஒண்ணே ஒண்ணாவது."

"பேச்சுதானட்டி, பாட்டா? மோனோ. ஃபார்மட்டு முடிவாவட்டும், எல்லாத்துக்கும் கடைசில பாப்போம்."

வருஷம் தோறும் அவள் கேட்டாள். வருஷம் தோறும் ஃபார்மட்டு முடிவாகவில்லை; ஃபிளாக்கில் போய் நின்ற பிறகும் முதலில் பாட்டு முடியட்டும் என்றார். எனக்கு ஆத்திரமும் வெப்ராளமுமாக வரும். ஒருநாள் நானே அவளிடம் எரிந்து விழுந்தேன்: "எதுக்கு அக்கா அந்தக் கேசட்டு? ஆளுதான் வீட்டுலயே இருக்காரே."

அக்கா கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "இவரு வந்த பொறவு என்கிட்ட கேபிபிஎஸ்ஸத் தவிர வேற ஏதாவது பேசி நீ கேட்டிருக்கியா மக்கா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. எதிர்வீட்டுச் சத்தம் எல்லாம் கேட்கிற எனக்கே கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது பழைய நாடா இல்லை, தன்னோடு பேசின ஒரு ஆம்பிளை. அவன் இருந்த ஒரே இடம் அந்த டின்னுக்குள்தான், அதுவும் கெட்டுப்போய்விடும் என்று பயந்தாள்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. பகலில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. ஏசி போட்ட அறை, காற்றுப் போக வழியில்லாத அறை. குளிர்வதும் புழுங்குவதுமாக மாறி மாறிக் கிடந்தது. வெளியே ஐப்பசி மழை. ஒருநாள் காலை எதிர்வீட்டில் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டுப் போனேன். சிடி உறைகளின் மேல் வெள்ளையாகப் பூசணம், அப்பம் மாவு தெளித்தது போல. கேசட்டுகளுக்குள் நாடாச் சுருளெல்லாம் பூத்துக் கிடந்தன. அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஃபிளாக்கில் மடித்து வைத்த கொஞ்சம் வேட்டிகளும் ஏற்கெனவே, கரண்ட் போய்ப் போய் வந்து ஹார்டு டிஸ்க் எரிந்ததில், போயிருந்தன.

பரணில் இருந்த டின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்புச் சூட்டில் ஈரம் அண்டாமல், மேலே கரி பிடித்து, உள்ளே அப்படியே இருந்தன. அக்காவுக்கு எந்த சாஸ்திரமும் தெரியாது. கெடக் கூடாத பண்டத்தை வைக்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இப்பமாவது இத எடுத்துத் தாருங்களேன்" என்று அவள் கேட்டது அன்றைக்குத்தான். கடைசியாகக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எனக்க உசிரு போய்க்கிட்டு இருக்கு. ஒனக்கு ஒனக்க பேச்சுக் கேசட்டு."

அக்கா டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வாசலிலேயே நிறுத்தி, "வா பிள்ளே, ஒரு எடத்துக்குப் போவோம்" என்றாள். கையில் ஒரு பெரிய துணிக்கடைப் பை, உள்ளே டின்கள். பஸ் ஏறிக் கருங்கல் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் பழைய கல்யாணக் கேசட்டுகளையெல்லாம் மாற்றித் தருகிறவர். அவரிடம் எல்லா மாதிரி பிளேயரும் உண்டு. டின்னைத் திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அக்கா, எந்த ஃபார்மட்டுல வேணும்?"

இங்கேயுமா என்று நினைத்தேன்.

"கேக்குத மாதிரி இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் ஒரு மெமரி கார்டில் போட்டுத் தந்தார். ஒரு விரல்நகம் அளவுக்கு இருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவின் மகள் வாங்கி அனுப்பியிருந்த பட்டன் போனில் அதைச் செருகி, எப்படி அமுக்குவது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். முதல் கேசட்டின் இரண்டாம் பக்கம் தொடங்கியது. "இனி அம்மை எழும்பிப் போணும்" என்றது போன். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அதிலிருந்து சமையல்கட்டில் எப்போதும் அந்தப் போன் பேசிக்கொண்டே இருக்கும். பின்னறைக்காரர் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இருபதடிக்குள் இரண்டு பேரும். அவருக்கு அது தெரியாது, அவள் சொல்லவுமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அங்கே மிளகாய்ப்பொடி வாங்கப் போயிருந்தேன். அக்கா சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் போன். நாடா பழசு, ஓட்டம் கொஞ்சம் வேகம். குரல் ஒரு இளந்தாரியுடையதாக, சற்றே கீச்சென்று வந்தது.

"...இங்க ரூம்ல ஒருத்தன் மீன்கறி வச்சான். புளியும் கெடயாது, தேங்காயும் கெடயாது. ஒனக்க கறிய நெனச்சிக்கிட்டு வெறுஞ்சோத்தத் தின்னேன். நீ சாப்பிட்டியா? நேரத்துக்குத் தின்னணும், கேட்டியா. ஒனக்க சத்தம் கேக்காம எனக்குக் காது இருந்தும் பிரயோசனமில்ல..."

தண்ணீர் குடிக்க வந்தவர் சமையல்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டார். செம்பு கையிலேயே இருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார், பாட்டை ஒப்பிடும்போது சாய்ப்பாரே, அந்தப் பழைய சாய்ப்பு. மனிதர் இப்போது அழப்போகிறார், அல்லது அக்காவிடம் ஏதாவது சொல்லப்போகிறார், நான் எப்படி வெளியே போவது என்று தவித்தேன்.

"முப்பத்திரெண்டு கேபிபிஎஸ்கூட இருக்காது" என்றார். பிறகும் நின்றார். முகம் கொஞ்சம் இளகியது. "ஆனா ஆளு நல்லாப் பேசுதான். யாருட்டி இது?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரியவில்லை.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரிஞ்ச ஆளுதான். மஸ்கட்டுல இருந்தாரு."

"மஸ்கட்டுலயா? எனக்குத் தெரியாம அங்க யாரு? ஆளு ஊருக்கு வந்தாச்சா?"

அவள் சட்டியிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னும் வரல்ல" என்றாள்.